"ஓம்" என்ற சொல்லும் ஒரு குளக்கட்டும்: வன்னியில் ஒரு திட்டக் குழுவின் ஐந்து மாதங்கள்

2019 ஜூன் 27 காலை, துருசு (குளத்து மதகு) வைக்கப் புதுக் குளக்கட்டின் நடுவில் பள்ளம் வெட்டினோம். பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) முதல் வாளி மண்ணை அள்ளியதும் வெட்டுமுகம் தெரிந்தது. மேலே ஒரு சாண் மண் கல்லுப்போல் இறுகியிருந்தது. அதற்குக் கீழே ஒன்றரை முழத்துக்கு உலர்ந்த புழுதி. அதன் கீழே மறுபடி ஒரு சாண் இறுக்கம், மறுபடி புழுதி. கையை வைத்தால் மண் பொலபொலவென்று கொட்டியது. மாரியில் நீர் ஏறினால் அந்தக் கட்டு இரண்டு நாள்கூட நின்றிருக்காது.

சுற்றி இருபது பேருக்கு மேல் நின்றார்கள். ஒருவர் முகத்திலும் திகைப்பு இல்லை. அதைக் கவனிக்க எனக்குச் சில நிமிடங்கள் பிடித்தன. இது இப்படித்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. திட்ட இணைப்பாளரான எனக்கு மட்டும் தெரியவில்லை.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு செய்தி எனக்கு மட்டும் வராமல் போனது எப்படி என்று தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

குளமும் ஆட்களும்

முல்லைத்தீவு மாவட்டத்தில், மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில், பிரதான வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமம். 61 குடும்பங்கள். குளத்தின் கீழ் 48 ஹெக்டேயர் வயல். வாய்க்கால் பாயும் நிலம் 80 ஹெக்டேயருக்கு உட்பட்டதென்றால் அது சிறு குளம்; நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் போகாமல் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி பதிவான கமக்கார (விவசாயிகள்) அமைப்புத்தான் அதன் பராமரிப்புக்குப் பொறுப்பு. ஆகவே குளத்துக்கு உரிமையாளர்போல ஓர் அமைப்பு ஊரிலேயே இருந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் வயதான ஆண்கள்.

2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்த வெள்ளத்தை அங்குள்ளவர்கள் மறக்கமாட்டார்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்துவிடப்பட்ட அந்த நாட்களில் எங்கள் குளத்தின் கட்டும் இரண்டு இடத்தில் உடைந்தது. 620 மீற்றர் கட்டைத் திருத்தி, பழைய துருசை எடுத்துப் புதியது வைத்து, வானையும் (மிகைநீர் வழிந்தோடும் கலிங்கு) உயர்த்துவது திட்டம். ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளின் பின் வீதிச் சோதனைகள் திரும்பிவந்ததில் ஆரம்பமே மூன்று வாரம் பிந்தியது. மே நடுவில் தொடங்கினோம். ஐப்பசி மழைக்கு முன் முடிக்கவேண்டும். காலபோக (மாரிக்கால நெல்) விதைப்பை எந்த அலுவலகக் கடிதத்தாலும் தள்ளிவைக்க முடியாது.

குழு இப்படி இருந்தது. வவுனியாவிலிருந்து வந்த இளம் தொழில்நுட்ப உத்தியோகத்தர் (ரி.ஓ.). எல்லோரும் அவரை ரி.ஓ. தம்பி என்பார்கள். ஊர்க்காரியான சமூக இணைப்பாளர் அக்கா. புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு மேசன் ஐயாவும் அவருடைய நாலு பேரும். மதவாச்சியிலிருந்து சிங்களம் மட்டும் பேசும் பெக்கோ சாரதி. நாட்கூலிக்கு ஊரவர் 22 பேர், அவர்களில் 14 பேர் பெண்கள். அப்புறம் நான். கிளிநொச்சி அலுவலகத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் போவேன்.

முதல் "ஓம்"

வேலை தொடங்கிய வாரம் பொது நோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தேன். அட்டவணையைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு வரியாக வாசித்து, "சரிதானே?" என்று கேட்டேன். "ஓம் மிஸ்" என்றார்கள். எங்கள் பேச்சில் "ஓம்" என்றால் "ஆம்". அடுத்த திங்கட்கிழமை காலை போனால் குளக்கட்டில் ஒரு ஆள் இல்லை. பெக்கோ மட்டும் நின்றது. அன்று வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். முல்லைத்தீவில் பிறந்தவர் யாரும் அந்தத் திங்களில் வேலைக்கு வரமாட்டார்கள். நானும் வன்னிப் பிள்ளைதான். நாட்காட்டியைப் பார்க்காமல் அட்டவணை எழுதியது என் பிழை.

ஆனால் அந்த அட்டவணையை வாசித்தபோது மண்டபத்தில் முப்பது பேர் இருந்தார்களே, ஒருவராவது "அண்டைக்குப் பொங்கல் மிஸ்" என்று சொல்லியிருக்கலாம். பிறகு தலைவர் ஐயாவிடம் கேட்டேன். "நீங்கள் வாசிச்சு முடிச்சிட்டீங்கள் பிள்ளை. பிறகு என்னத்தைச் சொல்லுறது?" என்றார்.

அந்தப் பதிலை நான் அன்றே பிடித்திருந்தால் ஜூன் 27 வந்திருக்காது. எங்கள் ஊர்களில் கூட்டத்தில் வரும் "ஓம்" பெரும்பாலும் "கேட்டேன்" என்ற பொருளில்தான் வரும். சம்மதம் வேறு. அது வீட்டில், குளக்கட்டில், தேநீர்க் கடையில் வரும். இது வன்னியாரின் குணம் என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. போரில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் செட்டிகுளம் முகாம்களில் பட்டியலுக்காக வரிசையில் நின்றவர்கள் இவர்கள். அவற்றில் பெரியதான மனிக் பாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. திரும்பி வந்தபின் வீடு, கிணறு, கோழி, கடன் என்று எது வந்தாலும் ஒரு படிவத்தோடும் கூட்டத்தோடும்தான் வந்தது. "ஓம்" என்றவருக்குப் பட்டியலில் பெயர் இருந்தது. கேள்வி கேட்டவருக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. கையில் கோப்போடு வருகிறவரிடம் "இல்லை" என்று சொல்லாமல் இருப்பதை அவர்கள் அனுபவத்தில் படித்தார்கள்.

எனக்கும் பயிற்சிப் பட்டறைகளில் குழு வளர்ச்சி பற்றிச் சொல்லித் தந்திருக்கிறார்கள். புரூஸ் டக்மன் 1965 இல் சொன்ன நான்கு கட்டங்கள்: குழு கூடும், முட்டிக்கொள்ளும், ஒழுங்குக்கு வரும், பிறகு வேலை ஓடும். எங்கள் குழுவில் சண்டை இல்லையே, மூன்றாம் கட்டத்துக்கு வந்துவிட்டோம் என்று மே மாத அறிக்கையில் எழுதியேவிட்டேன். உண்மையில் நாங்கள் முதல் கட்டத்தையே தாண்டவில்லை. முட்டிக்கொள்ளும் அளவுக்கு ஒருவரை ஒருவர் நம்பவில்லை.

16 நாட்கள்

மண் கட்டு போடும் முறை சிக்கலானதல்ல. மண்ணை 9 அங்குலத்துக்கு மேற்படாமல் பரப்பவேண்டும், ஈரம் பார்த்துத் தண்ணீர் தெளிக்கவேண்டும், றோலர் உருட்டவேண்டும். 6 அங்குலமாக இறுகியபின் அடுத்த படை. படை தடித்தால் றோலரின் பாரம் கீழே போகாது. மேற்பரப்பு இறுகிப் பார்வைக்கு நல்ல கட்டாகத் தெரியும். நீர் ஏறும்போது உள்ளே இருக்கும் புழுதி வழியைத் திறந்துவிடும்.

எங்கள் கட்டில் இரண்டு அடிக்குமேல் தடித்த படைகள் விழுந்திருந்தன. ஏன்? பெக்கோவுக்கு நாங்கள் கியூப் (நூறு கன அடி) கணக்கில் காசு கொடுத்தோம். எத்தனை கியூப் மண் ஏறுகிறதோ அவ்வளவு கூலி. மெல்லிய படையாகப் போட்டால் றோலருக்காக ஒவ்வொரு முறையும் காத்திருக்கவேண்டும், ஒரு நாளில் ஏறும் கியூப் பாதியாகக் குறைந்துவிடும். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தது நான்.

தண்ணீர் தெளித்த பெண்கள் ஜூன் 11 ஆம் திகதியே இதைக் கண்டுவிட்டார்கள். "நாங்கள் ஊத்துற தண்ணி கீழ போகேல்லை" என்று அவர்களில் மூத்தவர் சமூக இணைப்பாளர் அக்காவிடம் சொன்னார். அக்கா ரி.ஓ. தம்பியிடம் சொன்னார். தம்பி "சரி பார்ப்பம்" என்றார். அவருக்கு நான் வாராவாரம் அனுப்பிய படிவத்தில் முடிந்த நீளம், ஏறிய கியூப், வேலைநாள் என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன. படையின் தடிப்பை எழுத ஒரு கட்டமும் இல்லை. தம்பிக்கு அது முதல் தளவேலை. நீளம் குறைந்த வாரத்தில் நான் தொலைபேசியில் என்ன குரலில் கதைத்தேன் என்பது அவருக்கு நினைவிருந்தது.

மேசன் ஐயாவுக்கும் தெரியும். "மண் வேலை என்ரை பொறுப்பில்லை" என்று இருந்துவிட்டார். பெக்கோ சாரதிக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆக, செய்தி கட்டிலிருந்து புறப்பட்டு இரண்டு பேரைத் தாண்டி மூன்றாம் ஆளிடம் நின்றுவிட்டது. 16 நாட்கள் அங்கேயே நின்றது. அதற்குள் 45 மீற்றர் கட்டு வளர்ந்தது. அதை முழுதாக வெட்டியெடுத்து மறுபடி போட 11 நாட்கள் போயின.

நான் செய்த இரண்டு பிழைகள்

மறுநாளே கூட்டம் வைத்தேன். "ஏன் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை?" என்று எல்லோர் முன்னும் கேட்டேன். குரல் உயர்ந்துதான் இருந்தது. ரி.ஓ. தம்பி தலையைக் குனிந்துகொண்டார். தண்ணீர் ஊற்றிய அந்த அக்கா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு சுவரைப் பார்த்தார். சொன்னவர் அவர் ஒருவர்தான், அவருக்கும் சேர்த்துத்தான் ஏச்சு விழுந்தது. தம்பி அன்று மாலை விலகல் கடிதம் எழுதிக் கொண்டுவந்தார். அதை வாங்காமல் இருக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

இரண்டாவது பிழை தலைமையகத்தோடு சேர்ந்து செய்தது. பிந்திய நாட்களைப் பிடிக்க அவர்கள் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவும் ஒரு "ஓம்"தான். ஜூலை 10 அளவில் மூன்று மேற்பார்வையாளர், ஒரு தரப் பரிசோதகர், இரண்டாவது பெக்கோவோடு இன்னொரு சாரதி வந்து சேர்ந்தார்கள். கட்டளை கொடுப்பவரும் வாங்குபவருமாக அதுவரை 7 பேர் இருந்தோம். இருவருக்கு இருவர் கதைக்கவேண்டிய வழிகளை எண்ணினால் 21. இப்போது 12 பேர், வழிகள் 66. பிந்திய வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் பிந்தும் என்று மென்பொருள் துறையில் 1975 இலிருந்து ஒரு விதி சொல்வார்கள், புரூக்ஸ் விதி என்று. மண் வெட்டும் வேலைக்கு அது பொருந்தாது என்று நினைத்தேன். மண் வெட்டும் கைகள் கூடியிருந்தால் பொருந்தாமலும் இருந்திருக்கும். எங்களுக்குக் கூடியது சொல்லும் வாய்கள். ஒருவர் கிரவல் மண்ணை வலப்பக்கம் கொட்டச் சொல்வார், அடுத்தவர் இடப்பக்கம் என்பார். புதியவர்களுக்குக் குளத்தைக் காட்டவே ரி.ஓ. தம்பியின் பாதி நாள் போனது. அந்த இரண்டு வாரத்தில் முடிந்த நீளம், முன்பு 7 பேரோடு ஒரு வாரத்தில் முடித்ததைவிடக் குறைவு.

மருத மரத்தடி

ஜூலை 24 இலிருந்து மண்டபக் கூட்டத்தை நிறுத்தினேன். கட்டின் ஓரத்தில் ஒரு பெரிய மருத மரம் நின்றது. காலை ஆறரைக்கு அதன் கீழே பிளேன்ரீயும் பனங்கட்டியும். பதினைந்து நிமிடம், நின்றபடி. நானும் கிளிநொச்சியை விட்டு ஊரிலேயே ஒரு வீட்டில் வாடகைக்கு வந்திருந்தேன். வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறவருக்கு நல்ல செய்தியை மட்டும் எடுத்துவைப்பது விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை. நான் அங்கே விருந்தாளியாகத்தான் இருந்திருக்கிறேன்.

கேள்வியை மாற்றினேன். "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். இருக்கிறது என்றால் யாரையோ காட்டிக்கொடுத்தது ஆகிவிடும். "இண்டைக்கு எது பிழைக்கலாம்?" என்று கேட்கத் தொடங்கினேன். இன்னும் நடக்காத பிழைக்குச் சொந்தக்காரர் இல்லை, அதனால் வாய் திறப்பது எளிது. கூலிக்கு வந்தவர்கள் முதலில், பிறகு மேசன், பிறகு ரி.ஓ., கடைசியாக நான். முதல் மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. நாலாம் நாள் ஒரு பெண் பிள்ளை, "தண்ணி பவுசர் டயர் தேஞ்சுபோச்சு" என்றாள். அன்றே டயரை மாற்றினோம். அதற்கடுத்த நாள் ஐந்து பேர் கதைத்தார்கள்.

பெக்கோ சாரதியிடம் இரண்டு மாதமாக யாரும் கைச்சாடை தாண்டி எதுவும் கதைக்கவில்லை. தம்புள்ளைச் சந்தை லொறியில் வேலை செய்துவந்த ஒரு பெடியன் சிங்களம் நன்றாகக் கதைப்பான். அவனை மரத்தடியில் சாரதிக்குப் பக்கத்தில் நிற்கவைத்தேன். ஒரு காலை, படை தடித்தது பற்றி அவரிடம் நேராகக் கேட்டேன். அவர் சொன்னதைப் பெடியன் தமிழில் சொன்னான்: அனுராதபுரப் பக்கக் குளங்களில் 18 வருடம் கட்டுப் போட்டிருக்கிறாராம். தடித்த படை நிற்காது என்று முதல் நாளே தெரியுமாம். "ஆனால் நீங்கள் கியூப்புக்குத்தானே காசு தாறீங்கள், உங்களுக்கு வேகம்தான் வேணும் எண்டு நினைச்சன்." எனக்குப் பதில் இல்லை. குழுவிலேயே அதிகம் குளக்கட்டுப் போட்ட மனிதர் அவர். அவரிடம் மண்ணை எங்கே கொட்டுவது என்பதைத் தவிர ஒன்றும் கேட்காமல் இருந்திருக்கிறோம். அன்றே அவருடைய கூலியை நாள் கணக்குக்கு மாற்றினேன்.

யார் எதைத் தீர்மானிப்பது என்பதை ஒரு தகரப் பலகையில் எழுதி மரத்தில் மாட்டினோம். நாலு வரிதான். படையின் தடிப்பு: ரி.ஓ. ஈரம்: தண்ணீர் ஊற்றும் குழு. துருசும் வானும்: மேசன். வாய்க்காலும் விதைப்புத் திகதியும்: கமக்கார அமைப்பு. வந்திருந்த மூன்று மேற்பார்வையாளரில் இருவரைத் திருப்பி அனுப்பினேன். தலைமையகம் அதை விரும்பவில்லை, இரண்டு நாள் தொலைபேசியில் வாதம் நடந்தது. இந்தத் திட்டத்தில் நான் எடுத்த முடிவுகளில் இப்போதும் எந்தத் தயக்கமும் இல்லாமல் சரி என்று சொல்லக்கூடியது அது.

இரண்டாவது வரிதான் சண்டையைக் கொண்டுவந்தது. ஈரம் போதாது என்றால் தண்ணீர் ஊற்றும் குழு றோலரை நிறுத்தலாம் என்று சொல்லியிருந்தேன். பரிசோதனை எளிது: மண்ணை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும். கையில் சேறாக ஒட்டக்கூடாது, விட்டவுடன் உதிரவும் கூடாது. பலகை மாட்டிய மூன்றாம் நாள் அந்த மூத்த அக்கா கையை உயர்த்தி றோலரை நிறுத்திவிட்டார். ரி.ஓ. தம்பி என்னிடம் ஓடிவந்தார். "மிஸ், நான் படிச்சு வந்தவன். அவ நிப்பாட்டச் சொல்லி நான் நிப்பாட்டுறதோ?" அவருடைய கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. எல்லோர் முன்னும் குனிந்த தலை அது. ஆனால் அன்று நான் அக்காவின் கையைத் தாழ்த்தியிருந்தால் அந்தப் பலகையை அன்றே கழற்றியிருக்கலாம். மூவரும் கட்டில் ஏறினோம். தம்பியையே மண்ணைப் பிடிக்கச் சொன்னேன். விரலிடுக்கில் உதிர்ந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் பவுசருக்குக் கைகாட்டினார். எங்கள் குழு முதன்முதலாக வெளிப்படையாக முட்டிக்கொண்டது அன்றுதான். ஒருவரும் விலகவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியது அரைகுறை. அதுவரை ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. ஊர் வழக்கம் அப்படி, நாங்களும் அதைக் கேள்வி இல்லாமல் எடுத்துக்கொண்டோம். குறைந்த கூலி வாங்குகிறவருக்குத் தன் சொல்லின் எடையும் குறைவு என்று தெரியும். ஓகஸ்ட் 1 இலிருந்து ஒரே கூலி ஆக்கினோம். பொருளாளர் ஐயா, "நாளைக்கு எங்கட வயலிலும் இதைக் கேப்பினம் பிள்ளை" என்றார். கேட்கட்டும் என்றேன். அவர் ஒரு வாரம் மரத்தடிக்கு வரவில்லை.

முடிந்ததும் முடியாததும்

செப்டெம்பர் 28 துருசுக் கதவு பூட்டினோம். எரிபொருளும் வேலைநாளும் கணக்கைத் தாண்டின. தாண்டியதில் பெரும்பங்கு அந்த 45 மீற்றரும் அந்த இரண்டு வாரமும். ரி.ஓ. தம்பி திட்டம் முடிந்ததும் வேறு வேலைக்குப் போய்விட்டார். நல்ல முறையில்தான் பிரிந்தோம், ஆனாலும் நான் அவரைக் கூட்டத்தில் ஏசியது எங்களுக்கு நடுவில் இருந்தது. தலைவர் ஐயாவும் மேசன் ஐயாவும் வானின் உயரம் பற்றிப் பிடித்த சண்டை தீரவில்லை. குளத்தின் அடியை இன்னும் ஆழமாக்கச் சிலர் கடைசிவரை கேட்டார்கள். துருசின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்த நீர் வயலுக்கு வராது என்று விளக்கியும் அவர்களுக்கு மனம் ஆறவில்லை. மாட்டுக்கும் நிலத்தடி நீருக்கும் அது உதவும் என்ற அவர்கள் வாதத்திலும் உண்மை உண்டு. அதை மரத்தடிக்கு முதல் மாதத்திலேயே கொண்டுவந்திருக்கவேண்டும்.

மார்கழியில் குளம் நிறைந்து வான் பாய்ந்தது. நான் கிளிநொச்சிக்குத் திரும்பியிருந்தேன். ஓர் இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி. தண்ணீர் ஊற்றிய அந்த மூத்த அக்கா. மழைச் சத்தத்துக்கு மேலால் கத்தினார். துருசுக்குக் கிழக்கே, கட்டின் அடியில், வயல் பக்கம் நீர் கசிகிறதாம். டோர்ச்சோடு தலைவர் ஐயாவும் பெடியங்களும் கூடவே நிற்கிறார்களாம். கசியும் நீர் கலங்கி வந்தால் கட்டுக்குள்ளிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், அப்படியென்றால் அந்த இரவே மண்மூட்டை அடுக்கவேண்டும்.

"அக்கா, கலங்கலா தெளிவா?"

கொஞ்ச நேரம் மழைதான் கேட்டது. குனிந்து கையில் ஏந்திப் பார்த்திருப்பார்.

"தெளிவுதான் மிஸ். எண்டாலும் உடனே சொல்லோணும் எண்டு எடுத்தன்."